குறியெதிர்ப்பையும் மின்னல் வலையமும்

பழந்தமிழில் 'குறியெதிர்ப்பை' என்றொரு சொல் உண்டு. அளவு குறித்துக்கொண்டு ஒரு பொருளை வாங்கி, பின்னர் அதே அளவில் எதிராகத் திருப்பித் தருவதை அச்சொல் குறிக்கும். திருக்குறளில் ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே இது இடம்பெறுகின்றது. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் தம் மனைவியை நோக்கிப் பேசும் பாட்டிலும் இது வருகின்றது. அண்டை வீட்டில் உழக்கு அரிசி வாங்கியவள் நாளை உழக்கு அரிசி தருவாள். இடையில் காசு கைமாறுவதில்லை; ஊர்க் கணக்கரின் ஓலையில் அது ஏறுவதும் இல்லை. இருவர் நினைவே ஏடு; இருவர் நாணயமே ஈடு.

தமிழ்த்துறை மலரில் மறைகுறிப் பணத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என வியப்போர் இருக்கலாம். இன்று நம் மாணவர் கைகளில் உள்ள கைப்பேசிகளில் 'பிட்காயின்', 'பிளாக்செயின்', 'இரண்டாம் அடுக்கு' என்னும் சொற்கள் நாள்தோறும் வந்து விழுகின்றன. சொல்லின் பொருள் விளங்காதவிடத்து அச்சொல்லைக் கொண்டே ஏமாற்றுவோர் தோன்றுவர். சொற்பொருள் விளக்கம் தமிழாசிரியர் கடமையாதலின், இரண்டாம் அடுக்கு என்பது யாது, சிறுதொகைகளை மிகக் குறைந்த செலவில் அனுப்ப அது எவ்வாறு வழிசெய்கின்றது என்பதை ஈண்டு விளக்க முயல்கின்றோம்.

பேரேட்டின் சுமை

சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008 அக்டோபர் 31ஆம் நாள் வெளியான ஒரு சிறு கட்டுரையே பிட்காயினின் தோற்றுவாய். 2009 சனவரி 3இல் அதன் முதற் பதிவு உருவாயிற்று. வங்கியோ அரசோ நடுவில் இல்லாமல், உலகெங்கும் உள்ள பல்லாயிரம் கணினிகள் ஒரே பேரேட்டின் படிகளைத் தத்தம்மிடம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் சரிபார்த்து எழுதுகின்றன. இப்பேரேடு பக்கம் பக்கமாக வளர்கின்றது. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு பக்கம் சேரும். ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்திய பக்கத்தின் அடையாளக் குறியைத் தன்னுள் கொண்டிருத்தலால், இடையில் ஒரு பக்கத்தைக் கிழித்து மாற்றியெழுதினால் பின்வரும் பக்கங்கள் அனைத்தும் பொய்த்துப்போகும். பக்கங்கள் இவ்வாறு பிணைந்து கிடப்பதாலேயே இதனைத் தொகுதிச் சங்கிலி என்கின்றனர்.

இப்பேரேட்டின் வலிமையே அதன் குறையுமாகும். ஒருவர் தேநீருக்குக் கொடுத்த பத்து ரூபாயை உலகத்துக் கணினிகள் எல்லாம் சரிபார்த்து, என்றென்றைக்கும் காத்து வைத்தல் வேண்டும் என்பது எத்துணைப் பெருஞ்சுமை! பக்கத்தின் அளவிற்கு வரம்பு உண்டு. ஆகவே நொடிக்கு ஏழு பதிவுகள் என்பதே அதன் ஆற்றலின் ஏறக்குறைய மேல் எல்லை. ஒப்பிட்டுக் காண நம் நாட்டு யு.பி.ஐ. முறையை எடுத்துக்கொள்வோம். 2025 ஆகத்து மாதத்தில் மட்டும் அதன்வழி 2000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நிகழ்ந்தன. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு ஏழாயிரத்து நானூறுக்கும் மேல். ஏழு எங்கே, ஏழாயிரம் எங்கே!

இடம் குறைவாகவும் வருவோர் மிகுதியாகவும் இருக்குமிடத்தில் கட்டணம் ஏறும். பக்கத்தில் இடம்பெற மிகுதியாகக் கட்டணம் தருவோரின் பதிவே முதலில் ஏறும் என்பது பிட்காயினின் நடைமுறை. 2017 டிசம்பரில் ஒரு பதிவுக்கான சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியது. 2024 ஏப்ரல் 20ஆம் நாள் 100 டாலரையும் கடந்தது. கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்தது அன்று. பதிவு பிடிக்கும் இடத்தைப் பொறுத்தது. கோடி ரூபாய் அனுப்புவோர்க்கு அது தூசு. நூறு ரூபாய் அனுப்புவோர்க்கோ அது மலை.

பவானி நெசவாளர் கணக்கு

இச்சிக்கலுக்கான தீர்வை விளக்க நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. புவிசார் குறியீடு பெற்ற பவானி சமக்காளம் குழித்தறியில் நெய்யப்படுவது. நெசவாளர் நூல் பெறுகின்றார், நெய்ததைத் தருகின்றார், கூலி வரவாகின்றது, முன்பணம் பற்றாகின்றது. ஒவ்வொரு கைமாற்றத்திற்கும் இருவரும் வங்கிக்கு ஓடுவதில்லை. ஒரு சிறு குறிப்பேட்டில் பற்றும் வரவும் ஏறிக்கொண்டே வரும்; கணக்குத் தீர்க்கும் நாளில் நிகரத் தொகை மட்டுமே கைமாறும். நாளேட்டில் நூறு வரி இருப்பினும் பேரேட்டில் ஏறுவது ஒரு வரி. இரண்டாம் அடுக்கு என்பதன் கரு இதுவே.

ஆயினும் குறிப்பேட்டு முறையில் ஓர் அச்சம் உண்டு. ஏடு யார் கையில் இருக்கின்றதோ அவர் கை ஓங்கும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகறா அத்தியாயத்து 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியும் சாட்சிகளை நிறுத்துவது பற்றியும் பேசுவதை ஈண்டு நினைவுகூரலாம். வேதத்தின் மிக நீண்ட வசனம் கடன் எழுதும் முறைக்கு உரியதாயிருப்பது நம் மாணவர் பலர் எண்ணிப் பாராத செய்தி. எழுத்தும் சாட்சியும் இல்லாதவிடத்து எளியவரே இழப்பர்.

ஆகவே வினா இவ்வாறு அமைகின்றது: பேரேட்டின் உறுதியை இழக்காமல், குறிப்பேட்டின் எளிமையைப் பெறுவது எவ்வாறு?

இருவர் பூட்டிய பெட்டி

இவ்வினாவிற்கு ஜோசப் பூன், தாடியஸ் டிரைஜா என்னும் இருவர் 2015இல் முன்வைத்து, 2016 சனவரியில் விரித்து எழுதிய விடையே 'லைட்னிங் நெட்வொர்க்' எனப்படும் மின்னல் வலையம். 2017 ஆகத்தில் பிட்காயின் விதிகளில் ஒரு திருத்தம் செய்யப்பெற்றது. பதிவிலிருந்து கையொப்பப் பகுதியைப் பிரித்து வைத்ததால், பதிவின் அடையாள எண்ணை இடையில் எவரும் மாற்ற இயலாது போயிற்று. அதன்பின் 2018 முதல் மின்னல் வலையம் மெய்யான பணத்துடன் இயங்கி வருகின்றது.

ஒரு நூற்கடைக்காரரும் ஒரு நெசவாளரும் இதனைக் கையாள்கின்றனர் என வைத்துக்கொள்வோம். தொகையை விளக்கத்திற்காக ரூபாயிலேயே கூறுவோம். கடைக்காரர் 5000 ரூபாய் மதிப்புள்ள பிட்காயினை ஒரு பெட்டியில் இடுகின்றார். அப்பெட்டி இரு பூட்டுடையது. இருவர் கையொப்பமும் சேர்ந்தாலன்றித் திறவாது. பெட்டி வைத்த செய்தி மட்டும் பேரேட்டில் ஏறும். நெசவாளர் மனம் மாறிக் கையொப்பமிட மறுத்தால் பணம் முடங்கிவிடுமே என்னும் ஐயம் எழும். அதனால்தான், பணத்தை இடுமுன்னரே 'கடைக்காரர்க்கு 5000, நெசவாளர்க்கு ஒன்றுமில்லை' என்னும் பங்கீட்டுச் சீட்டில் நெசவாளரின் கையொப்பத்தைக் கடைக்காரர் பெற்றுக்கொள்கின்றார்.

இனி 600 ரூபாய் கூலி தர வேண்டும். பேரேட்டை நாட வேண்டுவதில்லை. '4400, 600' என்று புதுச் சீட்டு எழுதி இருவரும் கையொப்பமிடுகின்றனர். நெசவாளர் 250 ரூபாய்க்குச் சாய நூல் வாங்கினால் '4650, 350' என்று அடுத்த சீட்டு. இவ்வாறு ஆயிரம் சீட்டுகள் எழுதலாம். ஒவ்வொன்றும் பேரேட்டில் ஏற்றத்தக்க முழுத் தகுதி உடையது. ஆயினும் எவரும் ஏற்றுவதில்லை. உறவை முடிக்க விரும்பும் நாளில் கடைசிச் சீட்டின்படி கணக்கைத் தீர்த்து ஒரே பதிவாக ஏற்றுகின்றனர். ஆயிரம் கைமாற்றங்களுக்குப் பேரேட்டில் இரண்டே வரிகள். ஒரு பதிவின் கட்டணம் ஆயிரமாகப் பகுபட்டுப் போவதே மலிவின் மறைபொருள்.

கடைக்காரர் பழைய சீட்டை, அதாவது தமக்கே 5000 என்றிருந்த முதற் சீட்டை, ஏற்றிவிட்டால் என் செய்வது? இங்குதான் இவ்வமைப்பின் நுட்பம் விளங்குகின்றது. புதுச் சீட்டு எழுதும்போதெல்லாம் பழைய சீட்டுக்குரிய ஓர் இரகசிய எண்ணை ஒருவர் மற்றவரிடம் ஒப்படைத்து விடுகின்றார். ஒருதலையாகச் சீட்டை ஏற்றியவர் தம் பங்கை உடனே எடுக்க இயலாது; குறித்த காலம், ஒரு நாளோ சில நாளோ, காத்திருத்தல் வேண்டும். அக்காலத்திற்குள் நெசவாளர் அந்த இரகசிய எண்ணைக் காட்டினால் பெட்டியில் உள்ள 5000 முழுவதும் நெசவாளரைச் சேரும். பொய்க் கணக்குக் காட்டியவர் தம் மெய்க் கணக்கையும் இழப்பார். வழக்காடு மன்றம் இல்லை, பஞ்சாயத்து இல்லை. தண்டனை ஒப்பந்தத்தின் உள்ளேயே உறைகின்றது. நம் ஊர்க் குறிப்பேடுகளில் இப்படியொரு விதி இருந்திருப்பின் எத்தனை தறிக்காரர் வீடு பிழைத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

கை மாறிக் கை மாறி

ஆங்கிலத்தார் இவ்விருவர் பெட்டியைச் 'சேனல்' என்கின்றனர். தமிழில் வாய்க்கால் எனலாம். 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் தலைப்புக்கொள்ளும் ஊரில் இருப்போர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. ஆற்றை ஒவ்வொரு வயலுக்கும் திருப்ப முடியாது. வாய்க்கால்தான் வயலைச் சேரும்.

ஆனால் வாங்குவோர் ஒவ்வொருவருடனும் தனித்தனி வாய்க்கால் வெட்டுவது இயலுமா? வெட்டவும் மூடவும் பேரேட்டுக் கட்டணம் உண்டே. எனவே உள்ள வாய்க்கால்களை இணைத்து வலையாக்கினர். பவானி நெசவாளர்க்கு ஈரோட்டு வணிகரிடம் வாய்க்கால் உண்டு. ஈரோட்டு வணிகர்க்குக் கோவைக் கடையிடம் உண்டு. நெசவாளர் கோவைக் கடைக்கு 300 ரூபாய் செலுத்த வேண்டும். ஈரோட்டார் நடுவில் விழுங்கிவிடாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு வருமாறு:

கோவைக் கடைக்காரர் ஓர் இரகசியச் சொல்லை உருவாக்கி, அதன் அடையாளக் குறியை மட்டும் நெசவாளர்க்கு அனுப்புகின்றார். சொல்லிலிருந்து குறியைக் கணிப்பது எளிது. குறியிலிருந்து சொல்லைக் கணிப்பது இயலாது. நெசவாளர் ஈரோட்டாரிடம், 'இக்குறிக்குரிய சொல்லை இரண்டு நாளுக்குள் காட்டுக, 301 ரூபாய் உமக்கு' என்று வாக்களிக்கின்றார். ஈரோட்டார் கோவையாரிடம், 'ஒரு நாளுக்குள் காட்டுக, 300 உமக்கு' என்கின்றார். கோவையார் சொல்லைக் காட்டிப் பணம் பெறுகின்றார். அச்சொல் இப்போது ஈரோட்டார் கையில். அதனையே காட்டி அவர் 301 பெறுகின்றார். ஒரு ரூபாய் அவர் கூலி. கெடுவில் ஒரு நாள் வேறுபாடு வைத்தமைக்குக் காரணம் உண்டு. இருவர்க்கும் ஒரே கெடுவாயின், கோவையார் கடைசி நொடியில் சொல்லைக் காட்டினால் ஈரோட்டார்க்கு நெசவாளரிடம் செல்லப் பொழுதில்லாது போகும். சொல் வெளிப்படவேயில்லை என்றால் கெடு கடந்ததும் அவரவர் பணம் அவரவர்க்கே மீளும். இவ்வளவும் நடைமுறையில் பெரும்பாலும் ஒரு சில நொடிகளில் முடிந்துவிடும். நாள் கணக்கு பிணக்கு நேர்ந்தால் மட்டுமே. கூலியும் மெய்யில் ஒரு ரூபாய் கூட ஆவதில்லை. ஒரு பிட்காயின் பத்துக் கோடி 'சதோஷி' ஆகும். நடுவர் பெறுவது பலபோது ஒரு சில சதோஷிகளே.

இதனைக் கேட்ட பெரியோர் சிலர், 'இது நம் உண்டியல் அன்றோ' என்பர். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் உண்டியல் எழுதினர். ஓரூரில் தந்த பணம் மற்றோரூரில் சீட்டுக் காட்டிப் பெறப்பட்டது. ஃபிக்ஹு நூல்களில் 'ஹவாலா' என்பதற்குரிய இயற்பொருளும் ஒருவர் கடனை மற்றொருவர் பொறுப்பிற்கு மாற்றுதலேயாகும். அச்சொல் நம் நாட்டுச் செய்தித்தாள்களில் குற்றச் சொல்லாகச் சுருங்கியது பிற்காலத்தது. ஒற்றுமை உண்மையே. ஆயின் வேற்றுமையே இங்கு முதன்மையானது: உண்டியல் நடந்தது ஆள் மீதுள்ள நம்பிக்கையால், மின்னல் வலையம் நடப்பது ஆளை நம்ப வேண்டாத அமைப்பால். தமிழ்நாடு அரசு தன் தொகுதிச் சங்கிலிக் கட்டமைப்பிற்கு 'நம்பிக்கை இணையம்' என்று பெயரிட்டுள்ளது. பெயர் இனியது. நம்பிக்கையே தேவைப்படாத ஏடு வேண்டும் என்று தோன்றிய ஒரு நுட்பத்திற்குத் தமிழர் நம்பிக்கையின் பெயரைச் சூட்டியது சுவைக்கத்தக்க முரண்.

மலிவின் விலை

இனிக் குறைகளையும் கூறுதல் வேண்டும். வாய்க்காலில் 5000 இட்டால் 5000 வரைதான் ஓடும். பணம் ஒரே திசையில் ஓடி மறுகரையில் தேங்கிவிட்டால் மேலும் அனுப்ப இயலாது. எதிர்த்திசையில் வந்தாலன்றி வாய்க்கால் வறண்டதே. காலிங்கராயன் வாய்க்காலில் நீர் திரும்பி ஏறுவதில்லை; இங்கோ ஏறியாக வேண்டும். பெறுவோர் தரப்பிலும் கருவி இணையத்தில் விழித்திருத்தல் வேண்டும். பழைய சீட்டை எவரேனும் ஏற்றுகின்றனரா என்று கண்காணித்தலும் வேண்டும். தாம் கண்காணிக்க இயலாதோர்க்குக் 'காவற்கோபுரம்' என்னும் பணி அமைப்புகள் உள்ளன. வாய்க்கால் திறக்கும் நாளிலும் மூடும் நாளிலும் பேரேட்டில் நெரிசல் இருந்தால் அக்கட்டணம் எளியோரைத் தாக்கும். இவற்றால் பெருமுதல் உடைய சில நடுவர்களே பெரிதும் பயன்படுகின்றனர்.

எத்தீரியம் என்னும் மற்றொரு பேரேட்டில் வேறு வழி கையாளப்படுகின்றது. ஆயிரக்கணக்கான பரிமாற்றங்களைப் புறத்தே நிகழ்த்தி, அவற்றைச் சுருட்டி ஒரு பொதியாக்கி முதல் அடுக்கில் ஏற்றுவர். ஒரு வகையில், பொதி பொய்யென்று எவரும் ஏறத்தாழ ஏழு நாளுக்குள் மெய்ப்பிக்கலாம். மற்றொரு வகையில், பொதியுடன் கணிதச் சான்றும் சேர்ந்தே வரும். 2024 மார்ச்சு 13இல் எத்தீரியம் செய்த திருத்தத்தால் இப்பொதிகளை ஏற்றும் செலவு பெரிதும் குறைந்தது. இத்துறையில் பெயர்பெற்ற 'பாலிகன்', 2017இல் 'மேட்டிக்' என்னும் பெயரில் இந்திய இளைஞர்களால் தொடங்கப்பெற்றது.

பேரேட்டுக்குப் புறத்தே எல்லாம் ஒன்றல்ல

நம் மாணவர் அறிய வேண்டிய தலையாய செய்தி இனி வருவது. 'சங்கிலிக்கு வெளியே, கட்டணமின்றி, உடனடியாக' என்று விளம்பரம் செய்வன எல்லாம் இரண்டாம் அடுக்கு அல்ல. மறைகுறிப் பணச் சந்தை நிறுவனம் ஒன்றில் ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்கிற்குப் பணம் மாறினால், அதுவும் பேரேட்டில் ஏறாது, அதுவும் மலிவே. ஆனால் அங்கு இரு பூட்டுப் பெட்டி இல்லை. கையொப்பமிட்ட சீட்டு உம்மிடம் இல்லை. நிறுவனத்தின் குறிப்பேடு மட்டுமே உண்டு.

2024 சூலையில் 'வசீர்எக்ஸ்' நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள மறைகுறிப் பணம் களவுபோயிற்று. களவுபோகாத வகை நாணயம் வைத்திருந்தோர் கணக்குகளும் முடங்கின. அவ்வாறு முடங்கிய தமிழகத்து முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாட, 2025 அக்டோபரில் நீதியரசர் ந. ஆனந்த் வெங்கடேஷ், மறைகுறிப் பணம் உடைமை எனத்தக்கது, பிறர் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கத் தக்கது என்று கூறி இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். முன்னர் 2020 மார்ச்சு 4இல், மறைகுறிப் பண வணிகர்க்கு வங்கிச் சேவை மறுத்த ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை உச்சநீதிமன்றம் நீக்கியபோதும், அத்தீர்ப்பை எழுதியவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் வெ. இராமசுப்பிரமணியன். சட்டம் உடைமை என்று ஏற்றது. பணம் என்று ஏற்கவில்லை. 2022 முதல் இவற்றின் இலாபத்திற்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்பெற்றது. தேநீர்க்குப் பிட்காயின் தந்தாலும் அது சட்டத்தின் கண்ணில் ஓர் உடைமையை விற்றதற்கு ஒப்பாம்.

ஆகவே பவானிக் கடைத்தெருவில் மின்னல் வலையம் ஏன் வரவில்லை என்பது வெளிப்படை. அதே கருத்தை அரசின் முறையே வேறு வடிவில் கைக்கொண்டுவிட்டது. யு.பி.ஐ. பரிமாற்றங்களில் ஏறத்தாழப் பாதி 200 ரூபாய்க்கு உட்பட்டவை என்று கண்டு, 2022 செப்டம்பரில் 'யு.பி.ஐ. லைட்' தொடங்கப்பெற்றது. வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகையை முன்கூட்டியே கைப்பேசிப் பையில் இட்டுக்கொள்கின்றோம். அதிலிருந்து சிறு செலவுகள் கடவெண் இன்றியே செல்கின்றன. செலுத்துவோர் வங்கியின் மையப் பேரேட்டில் ஒவ்வொரு தேநீரும் ஏறுவதில்லை. பேரேட்டையும் நாளேட்டையும் பிரித்த அதே அறிவுதான். வங்கியை நம்புகின்றோம் என்பதொன்றே வேறுபாடு.

மின்னல் வலையத்திற்கு மெய்யான தேவை நாட்டெல்லை கடக்கும் இடத்தில்தான் உள்ளதென்பது நம் கருத்து. 200 டாலரைப் பிறநாட்டிலிருந்து வீட்டிற்கு அனுப்ப உலகச் சராசரிச் செலவு 6 விழுக்காட்டை ஒட்டியுள்ளது; 2030க்குள் அதனை 3 விழுக்காட்டிற்குக் கீழ்க் கொணர்வது ஐக்கிய நாடுகளின் இலக்கு. எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப் பணமாக்கியபோது இவ்வனுப்புச் செலவையே முதன்மைக் காரணமாகக் காட்டியது. ஆயினும் மக்கள் பெரிதும் பயன்படுத்தவில்லை. 2025 சனவரியில் கட்டாயமாக ஏற்கும் விதி கைவிடப்பட்டது. வழி மலிவாக இருப்பினும், வழியில் செல்லும் நாணயத்தின் மதிப்பு காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருந்தால் கூலிக்காரர் அதில் ஏறார்.

சமுதாயப் பெரியோர் நம்மிடம் வினவுவது, இது மார்க்கத்திற்கு ஏற்புடைத்தா என்பது. எகிப்தின் தாருல் இஃப்தாவும் 2021இல் இந்தோனேசிய உலமா பேரவையும் பிட்காயின் போன்றவற்றைப் பணமாகக் கையாளுதல் கூடாதென்றன. உடன்படாத அறிஞரும் உளர். அவ்விவாதம் பெரும்பாலும் நாணயத்தைப் பற்றியது. இரண்டாம் அடுக்கு எழுப்பும் வினா வேறு. அது இன்னும் நம் மத்ரஸாக்களில் பேசப்பெறவில்லை. நடுவர் பெறும் சிறு கூலி, பணத்தைக் கைமாற்றித் தரும் பணிக்கு உஜ்ரத் எனலாம். அதில் இடர்ப்பாடு தோன்றவில்லை. ஆனால் வாய்க்காலில் பணம் தேக்கி வைப்பதற்கென்றே, நாள் கணக்கில் வாடகை பெறும் வழக்கமும் அங்கு வந்துவிட்டது. தேக்கி வைத்தவர் பணம் அவர் பக்கத்திலேயே இருக்கின்றது. எவர்க்கும் கடனாகச் செல்லவில்லை. ஆகவே அது கடன் மீதான வட்டி அன்று என்பர் ஒரு சாரார். பயன்படுத்தினும் அழியாத பொருளையே வாடகைக்கு விடலாம், பணம் அவ்வகையன்று என்பது இஜாரா பற்றிய விதி. தேங்கி நிற்கும் பணம் 'பயன்படுகின்றதா', 'அழிகின்றதா' என்பதை ஃபிக்ஹு வல்லாரும் கணினி வல்லாரும் ஒரே அவையில் அமர்ந்து ஆய்தல் வேண்டும்; நம் கல்லூரியில் இரு திறத்தாரும் உள்ளனர்.